பாக்கியத்தின் முகம் இருந்த டிஸ்க்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. விஜயலெட்சுமி அப்போதுதான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்திருந்தாள். போனில் பாக்கியத்தின் மகள் தனுஜாவின் பெயர். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, சனம் கிளம்புகிற அந்த நேரத்தில், மடுல்சீமையிலிருந்து யாரும் சும்மா நலம் விசாரிக்க எடுப்பதில்லை.

"சித்தி, அம்மா போயிட்டாங்க."

அழுது முடித்து வறண்டுபோன குரல். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றாளாம் பாக்கியம். லொறி ஒன்றைப் பிடித்து ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரோடு அப்படி.

"நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம் சித்தி. கொழும்புலேருந்து தம்பி நிஷாந்த் வந்துக்கிட்டிருக்கான். பகலைக்குப் பதுளைக்கு வந்துருவான். அவன்கிட்ட அம்மா படத்தைக் குடுத்து விட்டுருங்க. வீட்டுல ஒண்ணு கூட இல்ல."

"குடுத்து விடுறேன்மா. நீ அதை யோசிக்காத."

போனை வைத்த பிறகுதான் கேத்தல் கொதித்து வழிந்துகொண்டிருப்பது தெரிந்தது. தேத்தண்ணி ஊற்றாமலே அடுப்பை அணைத்துவிட்டாள்.

வீட்டில் ஒரு படம்கூட இல்லை என்று தனுஜா சொன்னது உண்மைதான். ஆளுக்கொரு போன் இருக்கிற இந்தக் காலத்தில் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். பாக்கியலெட்சுமிக்குச் சின்ன வயதில் அடுப்பு விறகு வெடித்து இடது கன்னம் தாடை வரைக்கும் வெந்துபோனது. அதற்குப் பிறகு கமராவைக் கண்டால் அவள் தலை தானாகத் திரும்பிவிடும். மகளின் கல்யாணப் படங்களில் கூட ஒன்றில் முந்தானை, இன்னொன்றில் பின்கழுத்து, மற்றொன்றில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி நெற்றி. வேலையிலிருந்து ஓய்ந்தபோது ஈ.பி.எப். சேமலாபப் பணம் எடுக்கிற பத்திரத்துக்கு நேர்முகப் படம் கட்டாயம் வேண்டியிருந்தது. அதற்காக ஒரே ஒரு தடவை அவள் கமராவை நேராகப் பார்த்தாள். அதுவும் எடுத்தது விஜயலெட்சுமி என்பதால். அச்சடித்த சின்னப் படங்கள் பத்திரங்களோடு ஒட்டிப் போய்விட்டன. மூலப்படம் ஸ்டூடியோ கம்பியூட்டரில் இருந்தது.

இரண்டு பேரும் ஒரே லயத்தில், ஒட்டி நின்ற வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். இடையில் இரண்டு வீடுதான். பாக்கியத்தின் பிள்ளைகளுக்கு அவள் சித்தி முறை. பாக்கியம் மூத்தவள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள். விஜயலெட்சுமி உயர்தரம் வரை போய், பிறகு பல்கலைக்கழகம் போகாமலே வெளிவாரியாகப் பட்டமும் முடித்தாள். பட்டம் சட்டம் போட்டு மாட்டுவதற்குத்தான் உதவியது. ஆசிரியர் வேலை வரும்வரைக்கும் என்று பதுளை பசார் வீதியில் கதிர்காமநாதன் முதலாளியின் ஸ்டூடியோவுக்குப் படம் வெட்டிக் கொடுக்கப் போனாள். வேலை வரவில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு வந்து இரண்டும் கலைந்தன. தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில் முதலாளி, மகனோடு இருக்கப் போகிறேன் என்று கொழும்புக்குப் போய்விட்டார். கடைச் சாவியும், கடைக்குப் பின்னால் இருந்த அறையும், சுவரில் இருந்த சரஸ்வதி படமும் அவள் பொறுப்பாயின.

தோட்டங்களுக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கத்தை ஆரம்பித்தவள் அவள்தான். அடையாள அட்டைக்கு, பத்திரத்துக்கு என்று ஒரு படம் எடுக்க நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பதுளைக்கு வர முடியாத சனம். அவள் பையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, சீப்பு, பவுடர் டின், ஊசிகள், ஒரு குடை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராச் சுவரில் விரிப்பைக் கட்டி, முன்னால் ஸ்டூல் போட்டு வைப்பாள். சனம் லயம் லயமாக வரிசையில் வரும். மேட்டு லயம் முடியாமல் கீழ் லயம் வராது. யாரும் சொல்லி வைத்ததில்லை. பெரட்டுக்கு நின்று பழகிய கால்கள்.

ஈ.பி.எப். படம் எடுத்த அன்றைக்கும் வரிசை முழுக்கக் கலைந்து, முடிந்ததற்கு அடையாளமாக வெறும் ஸ்டூலை ஒரு படம் எடுத்துவிட்டு, விரிப்பை அவிழ்க்கப்போன நேரத்தில்தான் பாக்கியம் வந்தாள். கடுகு மஞ்சள் சேலை. "சீக்கிரம் எடுத்துத் தொலைடி" என்றாள். இரண்டு மூன்று தடவை சொடுக்கி முடித்ததும், "ஒழுங்கா வந்திருக்கா?" என்று கேட்டாளே தவிர, திரையை எட்டிப் பார்க்கவில்லை.

இன்று அந்த முகம்தான் வேண்டும். பாடைக்கு முன்னால் மகன் கையில் படம் போக வேண்டும். படமில்லாமல் எடுத்தால், யாருமில்லாத ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் என்று தோட்டத்தில் பேசுவார்கள். உயிரோடு இருந்தவரை முகத்தை மறைத்தே வாழ்ந்தவளுக்கு அந்தப் பேச்சும் சேரக்கூடாது.

விஜயலெட்சுமி வழக்கமான நேரத்துக்கு முன்பே கடையைத் திறந்து கம்பியூட்டரைப் போட்டாள். அது எழும்பியது. ஆனால் படங்கள் இருக்கிற டிஸ்க் திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நகத்தால் தகரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். டிக், டிக், டிக். நிற்கும். பிறகு மறுபடியும் டிக், டிக்.

முதலாளி இருந்த காலத்தில் மாதம் முடிய எல்லாவற்றையும் டி.வி.டி.யில் பதிந்து அலுமாரியில் அடுக்குவார். பதிகிற கருவி பழுதானது. அவரும் போய்விட்டார். பிறகு யாரும் எதையும் பதியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்பதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

றுஷ்திக்குப் போன் எடுத்தாள். கீழ்த்தட்டில் கம்பியூட்டர் திருத்துகிற கடை அவனுடையது. வயது முப்பது தாண்டிய ஆள். வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, காலங்காத்தால?"

"டிஸ்க் தொறக்குதில்ல தம்பி. சத்தம் போடுது."

"எப்படிச் சத்தம்? கர கரன்னா, டிக் டிக்னா?"

"டிக் டிக்."

அந்தப் பக்கம் விளையாட்டு நின்றது. "உடனே ஓஃப் பண்ணுங்க. திரும்பப் போட வேணாம். நான் வாறேன்."

வந்தவன் பெட்டியைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்தான். அதன் முதுகில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் மங்கிப்போன குங்குமம். புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் அந்தக் கடையில் கரண்ட் கொடுப்பதில்லை. முதலாளி காலத்துப் பழக்கம். பசார் வீதியில் பாதிக் கடைகளில் அப்படித்தான்.

"ஒங்கட சாமியும் வாரண்டி முடிஞ்சதும் கைய விட்டுருவாரு போல" என்றான் றுஷ்தி. அவள் சிரிக்கவில்லை. முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "யாரும் மௌத்தா அக்கா?" என்று கேட்டான்.

பாக்கியம் இறந்ததையும் படம் வேண்டியதையும் சொன்னாள்.

அவன் டிஸ்க்கைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தான். "இதத் தொறந்து படம் படமாத் தேடக் கூடாது. சாகக் கெடக்குற ஆள உக்காத்தி வச்சு விசாரணை பண்ற மாதிரி. தேடி முடியமுந்தி உசிரு போயிரும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோங்க. நான் என்ன செல்றேன்னா, இதுல என்ன இரிக்கி, எங்க இரிக்கின்னு பாக்காம, மொதல்லேருந்து கடைசி வரைக்கும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு இறக்கிரணும். படிக்க ஏலாத எடத்தத் தாண்டிப் போயிரணும். பொறகு அந்தக் கொப்பியில எவ்வளவு வேணும்னாலும் தேடலாம்."

"அதுக்கு ஒங்ககிட்ட சாமான் இருக்கா?"

சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவை ஆட்டிக் காட்டினான். "இதுக்குள்ள லினக்ஸ்னு கம்பியூட்டர ஓட்டுற நிரல் இரிக்கி. எல்லாம் இலவசம். எங்கேயோ இரிக்கிற ஆக்கள் எழுதி, யாரும் எடுத்துக்கோங்க, எப்படி எழுதினம்னும் பாத்துக்கோங்கன்னு விட்டிருக்காங்க."

"சும்மா குடுக்கிறத நம்பலாமா தம்பி?"

"சல்லி குடுத்து வாங்கினதுதானேக்கா இப்ப டிக் டிக்குங்குது."

கீழே போய் ஒரு புது டிஸ்க்கைக் கொண்டுவந்தான். அதே கம்பெனி, அதே அளவு. மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். பழையது கையைச் சுடுகிற சூட்டில் இருந்தது.

"இது நல்லா ஆறட்டும். எனக்கும் ஜும்ஆவுக்கு முந்தி ரெண்டு பேருட வேல இரிக்கி. தொழுதிட்டு வந்து போடுவம். இந்த வேல ஓடக்கொள்ள நான் பக்கத்துல இரிக்கணும். அதுக்குள்ள இந்தத் தூசியத் தொடச்சு வைங்க." வாசல்வரை போனவன் திரும்பி, "பொட்டு வச்சது பழசு, மொட்டையா இரிக்கிறது புதுசு. எனக்கு ஸ்டிக்கர் ஒட்டுற வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பழைய டிஸ்க்கைத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அதையும் சேர்த்துச் சுத்தமாகத் துடைத்தாள். மனம் முழுக்க மடுல்சீமையில் இருந்தது. இந்நேரம் குளிப்பாட்டியிருப்பார்கள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருப்பார்கள். கட்டு அந்தத் தழும்பின் மேல்தான் விழும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ?

வெள்ளிக்கிழமை. சரஸ்வதி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். கிண்ணத்தில் சந்தனம் குழைத்து ஒரு பொட்டு படத்துக்கு வைத்தாள். பிறகு கை தானாகப் போய், மேசையில் இருந்த புது டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டது. இதிலாவது அவள் முகம் பத்திரமாக இருக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். என்ன செய்தோம் என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

பகலுக்கு நிஷாந்த் வந்தான். கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. விடியுமுன்னே பஸ் ஏறி வந்த முகம். பையைக் காலடியில் வைத்துவிட்டு வாடிக்கையாளர் உட்காரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்தான்.

"படம் ரெடியா சித்தி?"

"கொஞ்சம் பொறு ராசா. கம்பியூட்டர்ல ஒரு கரைச்சல். தம்பி வந்ததும் எடுத்துரலாம்."

"நான் அம்மாவப் பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றான் அவன். கேள்வி மாதிரியும் இல்லை, குறை மாதிரியும் இல்லை. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

றுஷ்தி தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்தபடி படியேறி வந்தான். நிஷாந்தைப் பார்த்ததும் யாரென்று விளங்கி, பேச்சைக் குறைத்துக்கொண்டு மேசைக்குப் போனான். பொட்டு வைத்த டிஸ்க்கை ஒரு வயரிலும் மொட்டை டிஸ்க்கை மற்ற வயரிலும் மாட்டினான். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் எழும்பியது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். எண்கள் ஓட ஆரம்பித்தன.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் தோளைத் தளர்த்தினான். "பாருங்கக்கா, ஒரு எரர் கூட இல்ல. நான் பயந்த அளவுக்கு மோசமில்ல. இப்படியே போனா அந்திக்குள்ள முடிஞ்சிரும்."

நிஷாந்த் முதல் வாய் தேத்தண்ணி குடித்தான். விஜயலெட்சுமிக்கும் மூச்சு வர வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து காதுக்குள்ளேயே இருந்த அந்தச் சத்தம் இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. டிக், டிக். மேசையில் குனிந்து இரண்டுக்கும் காது கொடுத்தாள்.

"தம்பி, பொட்டு வச்சது சத்தமே போடல்ல."

"நல்லதுதானே."

"மத்ததுதான் டிக் டிக்குங்குது. புதுசு ஏன் சத்தம் போடுது?"

றுஷ்தியின் கை நின்றது. பொட்டை உற்றுப் பார்த்தான். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

"அக்கா, நீங்க எதுக்குப் பொட்டு வச்சீங்க?"

"புதுசுக்கு. பழசத் தொடச்சேன். நீங்கதானே தொடைக்கச் சொன்னீங்க…"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் விசையைத் தட்டி நிறுத்திவிட்டான். எண்கள் நின்றன. பழைய டிஸ்க் இன்னும் இரண்டு முறை தட்டி ஓய்ந்தது. தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

நடந்ததை அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வெறும் டிஸ்க்கைப் படித்து, அந்த வெறுமையைப் படங்கள் இருக்கிற டிஸ்க்கின் மேல் எழுதியிருக்கிறார்கள். ஒரு பிழையும் வராதது அதனால்தான். புது டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் ஏது? ஓடிய நேரம் கொஞ்சம்தான். டிஸ்க்கின் முன்பகுதி மட்டும்தான் அழிந்திருக்கும். ஆனால் எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்கிற விவரமெல்லாம் அந்த முன்பகுதியில்தான் இருந்தது.

"மாட்டமுந்தி நம்பரப் பாத்திருக்கணும். எப்பவும் பாப்பன். இன்னைக்குப் பொட்டப் பாத்து மாட்டிட்டன்."

"நான்தான் தொடச்சேன்" என்றாள் அவள்.

நிஷாந்த் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன சித்தி, படம் இல்லையா?"

மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "நாங்க ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோம் ராசா. படம் உள்ளதான் கெடக்கு. கிடைக்குமா கிடைக்காதான்னு இன்னும் தெரியாது."

"ஊர்ல எல்லாரும் நம்பி ஒங்ககிட்டதானே குடுத்து வச்சிருக்காங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "நான் போறேன். அம்மாகிட்டப் போய் உக்காரணும்."

"நாளைக்கு எடுக்கமுந்தி நான் கொண்டாந்துர்றேன்."

"கிடைக்காட்டி?"

அவள் வாசல்வரை கூடப் போனாள். அவன் படியிறங்கிப் போனான். தேத்தண்ணிக் கோப்பை பாதி நிறைந்தபடி வாங்கில் இருந்தது.

றுஷ்தி இந்தத் தடவை இரண்டு டிஸ்க்கின் இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதி, அவளையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, திரையில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தான். பிறகும் விசையைத் தட்டாமல் கையைப் பிசைந்தான். "பிஸ்மில்லாஹ்" என்று தட்டினான். எண்கள் ஓடின, இந்தத் தடவை மெதுவாக, தடுக்கித் தடுக்கி. படிக்க முடியாத இடம் வரும்போதெல்லாம் பழைய டிஸ்க் தட்டியது. தாண்டியது. மறுபடி ஓடியது. ஒவ்வொரு தட்டலிலும் அது பாக்கியத்தின் நெற்றியா, கண்ணா என்று விஜயலெட்சுமிக்குப் பதறியது. ஒரு கட்டத்தில் றுஷ்தி, "அதோட சேந்து நீங்களும் துள்ளாதீங்கக்கா, எனக்கு ஏலாது" என்றான். அவள் எழுந்து போய்ப் பின் அறையில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

அந்தியில் தனுஜா போன் எடுத்தாள். நிஷாந்த் வந்து சேர்ந்துவிட்டானாம். படத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது, அவளும் கேட்கவில்லை. ரோட்டில் வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது, சந்தியில் மாட்டுகிற பெனரில் இப்போதைக்குப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம் என்றாள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள் விஜயலெட்சுமி.

இரவில் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கொப்பியில் படங்களைத் தேடுகிற இன்னொரு நிரலை ஓடவிட்டு றுஷ்தி வீட்டுக்குப் போனான். அதுவும் அதே மாதிரி யாரோ எழுதி விட்டதுதான். பெயரோ அட்டவணையோ இல்லாவிட்டாலும், டிஸ்க்கைத் துழாவிப் படத்தின் தலைப்பு மாதிரி இருப்பதையெல்லாம் பிடித்து எடுக்கும். சனிக்கிழமை விடிந்தபோது அது முடிந்திருந்தது.

மலைபோலப் படங்கள். எதற்கும் பெயரில்லை, எண் மட்டும். கல்யாணங்கள், பெரிய பிள்ளையான சடங்குகள், கோயில் தேர், அடையாள அட்டைக்கு வந்த சனங்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"தேதி ஞாபகமிரிக்கா? படத்துக்குள்ளேயே தேதி இரிக்கும். அத வச்சுப் பிடிக்கலாம்" என்றான் காலையிலேயே வந்துவிட்ட றுஷ்தி.

"கமராவுல நான் ஒரு நாளும் தேதி சரியா வச்சதில்ல தம்பி."

"நல்ல ஸ்டூடியோ."

அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். முகங்கள், முகங்கள். இவர்களில் எத்தனை பேருக்கு வேறு படம் இல்லையோ என்று நினைத்தாள். பஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படிப் போனால் மூன்று மணிக்கல்ல, மூன்று நாளைக்கும் முடியாது. கொத்துக் கொத்தாகத் தாண்ட ஆரம்பித்தாள். திரையில் வெள்ளை விரிப்பு ஒன்று வந்தது. அதன் ஓரத்தில் நீலக்கரை. பின்னால் பிள்ளைக்காம்பராவின் ஜன்னல் கம்பி.

மடுல்சீமைதான். ஸ்டூலில் கங்காணி வீட்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது அவள் பக்கத்து வீட்டு இராசையா. அதற்கடுத்து இருமிக்கொண்டே வந்த மாரியாயி. மேட்டு லயம். டிஸ்க் எவ்வளவு கலைந்திருந்தாலும், எடுத்த வரிசையிலேயேதான் படங்கள் கிடந்தன. வரிசை அவளுக்கு மனப்பாடம். எந்த வீட்டுக்கு அடுத்தது எந்த வீடென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்.

"தம்பி, இதுக்குப் பொறகு கீழ் லயம். அதுக்கும் பொறகு யாருமே இல்லாத ஒரு ஸ்டூல் வரும். அதுக்கடுத்தது அவதான்."

கீழ் லயம் வந்தது. இடையிடையே சில படங்கள் திறக்கவில்லை. சில பாதி முகத்தோடு நின்றன. சில வெறும் சாம்பல் நிறம். வெறும் ஸ்டூல் வந்தது. அடுத்ததை அவள் தட்டவில்லை. றுஷ்திதான் தட்டினான்.

சாம்பல். முழுக்கச் சாம்பல்.

அடுத்தது திறக்கவேயில்லை.

அதற்கடுத்ததில் பாக்கியம் இருந்தாள். மேலிருந்து கழுத்து வரைக்கும். கழுத்துக்குக் கீழே ஒரு கோடு கிழித்தாற்போல் படம் அறுந்து, மீதியெல்லாம் சாம்பல். ஆனால் நெற்றி இருந்தது. கன்னம் இருந்தது. சீக்கிரம் எடுத்துத் தொலை என்கிற அந்தக் கண்கள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன.

விஜயலெட்சுமி நேற்றிலிருந்து அழவில்லை. இப்போதும் அழ நேரமில்லை. "வெட்டுங்க தம்பி. கழுத்தோட வெட்டுங்க" என்றாள்.

பிரின்டர் இழுக்கும்போது றுஷ்தி பஸ் நிலையத்துக்கு ஓடிப்போய், மடுல்சீமை பஸ்ஸின் நடத்துநரோடு கைகலப்பு வராத குறையாகச் சண்டைபோட்டு வண்டியை நிறுத்தி வைத்தான். சட்டம் மாட்டிய படத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் ஏறினாள். பசறை தாண்டி மேலே ஏறும் பாதையில் ஓரிடத்தில் மண் இறங்கியிருந்தது. ஒற்றை வழியாக வாகனங்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே லொறிகளின் வரிசை. அவள் மணியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். துணியை விலக்கிப் படம் இருக்கிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெண் தன் பிள்ளையை மடியில் இழுத்து வைத்து அவளுக்கு இடம் விட்டாள்.

சந்தியில் இறங்கியபோது தப்பு மேளச் சத்தம் கேட்டது. வேகமான அடி இல்லை, இன்னும் தூக்கவில்லை. வெள்ளைக்கொடிகள் கட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தனுஜா வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். துணியை விலக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், "சேலை தெரியலையே சித்தி" என்றாள். "அந்த மஞ்சச் சேலை கட்டித்தானே போனாங்க. நான்தான் கொசுவம் பிடிச்சு விட்டேன்."

"அவ்வளவுதான்மா கிடைச்சிச்சு."

நிஷாந்த் வந்து படத்தை வாங்கினான். சட்டத்தின் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்தான். "நேரா பாக்குறாங்க" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னான். பிறகு அவளுடைய கையைப் பிடித்து, பிள்ளைகளிடம் கேட்பது மாதிரி, "சாப்பிட்டீங்களா சித்தி?" என்று கேட்டான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தேயிலை மலைக்கு நடுவே படம்தான் முன்னால் போனது.

திங்கட்கிழமை றுஷ்தி வேலையோடு வேலையாக மீட்ட படங்களையெல்லாம் இன்னும் ஒரு டிஸ்க்குக்கு இறக்கி, ஒன்றை அவள் அலுமாரியிலும் ஒன்றைத் தன் வீட்டிலும் வைத்தான். தாண்டிப்போன இடங்கள் எவையென்று அந்த நிரல் ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைத்திருந்தது. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினால் அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டிப் படிக்கப் பார்க்கும். ஒரு வாரம் ஓடினாலும் ஓடும். மஞ்சள் சேலை வரலாம். இல்லாவிட்டால் டிஸ்க் அத்தோடு முடிந்தும் போகலாம் என்றான்.

"கருமாதி முடியட்டும் தம்பி" என்றாள் விஜயலெட்சுமி.

கருமாதி முடிந்து தைப்பொங்கலும் போய்விட்டது. பழைய டிஸ்க் றுஷ்தியின் மேசை லாச்சியில், பஞ்சுத்தாள் சுற்றி, அவள் கையால் எழுதிய பாக்கியத்தின் பெயரோடு இருக்கிறது. மஞ்சள் சேலையைத் தேடுகிற இரண்டாவது சுற்று இன்னும் ஓட்டப்படவில்லை.